எது மாற்றம்? நெடுங்கால நிரல்களின் வரலாற்றை வாசிப்பது பற்றி

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கமாகச் சுமார் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரைக் குகைகள். வலகம்பா என்ற வட்டகாமணி அபயனின் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாகவே வழங்கிவந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் ஏறியதாக மகாவம்சம் சொல்கிறது. அந்தப் பணி நடந்த இடம் இதுவே என்பது பிற்கால நூல்கள் காத்துவந்த மரபு. போரும் கொடும் பஞ்சமும் நாட்டை அலைக்கழித்த காலம் அது. மனப்பாடமாக வைத்திருந்த பிக்கு இறந்தால் நூலின் ஒரு பகுதியும் அவரோடு போய்விடும் என்ற நிலை.

நூல் அழிவது ஓர் அச்சம். அழியாமலே மாறிவிடுவது அதைவிட நுட்பமான அச்சம். வாய்மொழிக் காலத்தில் இதற்கு ஒரு காவல் இருந்தது. பாணகர் எனப்பட்ட ஓதுவோர் குழுக்கள் நூலைப் பகுதி பகுதியாகப் பொறுப்பேற்றுக் கூட்டாக ஓதின. ஒருவர் வாயில் ஒரு சொல் பிறழ்ந்தால் மற்றவர் காதில் உடனே விழும். ஏட்டுக்கு வந்தபின் படியெடுப்பவர் தனியே அமர்ந்து எழுதினார். அவருடைய பிழை சத்தமில்லாமல் அடுத்த படிக்குப் போனது. அலுவிகாரையில் பாளி உரையாசிரியர் புத்தகோசருக்கென ஒரு குகை உண்டு. அவர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலைத் தேவர்கள் மறைத்துவைத்தார்களாம். அவர் மீண்டும் எழுத, அதையும் மறைத்தார்களாம். மூன்றாம் முறை எழுதியபோது முன்னைய இரண்டும் திரும்பக் கிடைத்தன. பிக்குகள் மூன்று படிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க, சொல்லிலோ பொருளிலோ வேறுபாடு இல்லை என்கிறது சூளவம்சம். ஒரு நூலின் நம்பகத்தைப் படிகளை ஒப்பிட்டே சோதிக்க வேண்டும் என்ற தெளிவு இந்தக் கதைக்குள் இருக்கிறது.

மென்பொருள் உலகம் இதே கேள்விக்கு வந்துசேர்ந்து ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், மின்கட்டணம், விமானச் சீட்டு ஆகியவற்றை நடத்தும் நிரல்களை யாரும் ஒரேயடியாக எழுதி முடித்துவிடுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் பல கைகள் அவற்றில் திருத்தம் செய்கின்றன. ஒரு நடுத்தர நிரலிலேயே ஆயிரக்கணக்கான மாற்றங்கள் பதிவாகியிருக்கும். லினக்ஸ் கருநிரலில் பத்து இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் எவை நிரலின் நடத்தையை உண்மையாகவே மாற்றின? எவை வெறும் ஒழுங்குபடுத்தல்? எவை ஆபத்தைக் கொண்டுவந்தன? இந்தக் கேள்விகளுக்கான ஆய்வு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுத்தில் என்ன மாறியது என்பதை இயந்திரம் நன்றாகச் சொல்கிறது. அது பொருட்படுத்த வேண்டிய மாற்றமா என்பதற்கான விடையோ பெரும்பாலும் நிரலுக்கு வெளியே, அந்த நிரலை நம்பியிருப்பவர்களிடமும் அதை மாற்றியவரின் காரணத்திலும் இருக்கிறது. காலம் செல்லச்செல்ல முதலில் தொலைந்துபோவதும் அதுதான்.

இலங்கை நேரம்: சில வரிகளின் கதை

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த உதாரணம் கிடக்கிறது. லினக்ஸ் கணினிகளும் ஆண்ட்ராய்டு, ஐபோன் கைபேசிகளும் ஜாவா நிரல்களும் நேரம் சொல்ல நம்பியிருப்பது நேரவலயத் தரவுத்தளம் என்ற சிறு கோப்புத் தொகுதியை. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். பால் எகெர்ட் நெடுங்காலமாகப் பராமரித்து வருகிறார். 2011 முதல் ஐகேன் அமைப்பின் அரவணைப்பில் வெளியாகிறது. அதில் கொழும்புக்கான பதிவு பத்து வரிகூட இல்லை. 1906 முதல் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணிநேரம் முன்னால். இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை சில மாறுதல்கள். 1996 மே 25 முதல் ஆறரை மணிநேரம். அதே ஆண்டு ஒக்டோபர் 26 முதல் ஆறு மணிநேரம். 2006 ஏப்ரல் 15 முதல் மீண்டும் ஐந்தரை.

1996இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி சரிந்தது. மின்சாரத்தைச் சேமிக்கவே அரசு கடிகாரத்தை முன்தள்ளியது. தரவுத்தளத்தில் அதற்காகக் கூடியது ஒரு வரி. அதன் கனத்தை அறிய ஒரு சாதகம் கணிக்கும் நிரலை எடுத்துக்கொள்வோம். 1996 யூலையில் மாத்தளையில் பிறந்த குழந்தையின் பிறந்த நேரத்தை வைத்தியசாலைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அந்த வரி சேராத பழைய நிரல் அதை ஐந்தரை மணிக் கணக்காகவே எடுத்துக்கொண்டு ஒரு மணிநேரம் பிழைக்கும். லக்கினம் சராசரியாக இரண்டு மணிநேரத்துக்கொரு முறை மாறுவதால், அந்த ஐந்து மாதங்களில் பிறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு லக்கினமே வேறாக வரும். அடுத்துவந்த ஒன்பதரை ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு அரைமணிநேரப் பிழை. நால்வரில் ஒருவருக்கு லக்கினம் மாறும். சாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கல்யாணப் பேச்சு அதன்மேல்தான் நடக்கிறது என்பது நம்மூர் நடைமுறை. ஒரு வரி விடுபட்டால் ஒரு சம்பந்தம் முறியலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் கொழும்பின் புதிய நேரத்தை ஏற்கவில்லை; பழைய ஐந்தரை மணிக் கணக்கிலேயே இருந்தன. 1999இல் கிளிநொச்சியிலும் மாத்தளையிலும் ஒரே கணத்தில் பிறந்த இரு குழந்தைகளின் பிறந்த நேரம் அரைமணி வேறுபடப் பதிவாகியிருக்கும். அந்தத் தரவுக் கோப்பு இதை ஒரு குறிப்புரையில் பதிந்துவைத்து, அப்பகுதிகளில் வாழ்வோர் கொல்கத்தாவுக்கான நேரப் பதிவைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. குறிப்புரையைக் கணினி படிப்பதில்லை. மாற்றங்களைத் தரம் பிரிக்கும் கருவி எதுவானாலும் அதைக் ‘குறிப்புரை மட்டும், நடத்தையில் மாற்றமில்லை’ என்று ஒதுக்கிவைக்கும். வன்னியில் பிறந்த ஒருவரின் நேரத்தைச் சரியாக அறிய வேண்டியவருக்கோ அந்த முழுப் பதிவிலும் முக்கியமான செய்தி அதுதான்.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு இதே கோப்பில் உண்டு. இலங்கை நேரத்துக்கெனத் தரவுத்தளக்காரர்கள் தாங்களாகவே வைத்திருந்த மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கத்தை, பல நாடுகளின் இத்தகைய சுருக்கங்களோடு சேர்த்துக் கைவிட்டு, வெறும் எண்ணாக மாற்றினார்கள். கடிகாரம் ஒரு வினாடிகூட நகரவில்லை. நேரம் கணக்கிடும் நிரலுக்கு அது மாற்றமே இல்லை. அந்தச் சுருக்கத்தை எழுத்தாகப் படித்துப் பிரித்தெடுக்கும் நிரலுக்கு அது முறிவு. ஒரே மாற்றம் ஒருவருக்குப் பொருளற்றது, இன்னொருவருக்குப் பேரிடி.

வரிக்கு வரி ஒப்பிடுவது

ஒப்பீட்டுக் கருவிகளின் வம்சம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. டக்ளஸ் மெக்இல்ராய் எழுதிய டிஃப் என்ற நிரல் 1974இல் யுனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் கணக்குமுறையை அவரும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976இல் அறிக்கையாக எழுதினர். இரு கோப்புகளிலும் வரிசை மாறாமல் பொதுவாக வரும் மிக நீளமான வரித்தொடரைக் கண்டுபிடி. மீதமுள்ளவை நீக்கியவை அல்லது சேர்த்தவை என்பதே அதன் அடிப்படை. 1986இல் யூஜின் மயர்ஸ் இதற்கு வேகமான முறை ஒன்றைத் தந்தார். இன்று கிட் என்ற பதிப்புக் கருவியில் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது இயல்பாக ஓடுவது அந்த முறையின் வழிவந்ததே. பதிப்புகளைச் சேமிக்கும் கருவிகளும் கூடவே வளர்ந்தன: 1972இல் மார்க் ராச்கைண்டின் முதல் முயற்சி, 1980களில் வால்டர் டிக்கியின் ஆர்சிஎஸ், பின்னர் சிவிஎஸ், சப்வெர்ஷன், 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸின் கிட்.

இவை எல்லாவற்றுக்கும் வரிதான் அலகு. ஆயிரம் வரிகளை ஓர் இடைவெளி உள்தள்ளினால் ஆயிரம் வரிகளும் மாறியதாகக் காட்டும். இடைவெளிகளைக் கணக்கில் எடுக்காதே என்று கட்டளையிடலாம். பைதன் மொழியில் உள்தள்ளலே பொருள் என்பதால் அங்கு அந்தக் கட்டளை உண்மையான மாற்றத்தையும் சேர்த்து மறைத்துவிடும். 

தமிழில் எழுதுவோருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகர உயிர்க்குறி என்ற ஒரே குறியீடாக, அல்லது எகரக் கொம்பும் ஆகாரக் காலுமாகிய இரண்டு குறியீடுகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பீட்டுக் கருவிக்கு வேறு வேறு. இதைச் சீராக்கும் முறையை யுனிகோடே வகுத்திருக்கிறது. ‘ஸ்ரீ’ விடயம் அதைவிடக் கடினம். 2005இல் ‘ஶ’ என்ற எழுத்து யுனிகோடில் சேர்ந்தபின் ‘ஸ்ரீ’யை ஸகரத்தோடு எழுதுவதும் அந்தப் புது ஶகரத்தோடு எழுதுவதும் எனப் பல எழுத்துருக்களில் ஒரே தோற்றம் தரும் இரண்டு குறியீட்டு வரிசைகள் உண்டாயின. இவற்றை யுனிகோட் சமமாகக் கருதுவதில்லை. ஒரு பெயர்ப் பட்டியலை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் அலுவலகத்தில் ஒரே ‘ஸ்ரீதரன்’ இரண்டு ஆட்களாகப் பதிவாக இது போதும்.

மரமாகப் பார்ப்பது

வரியை விட்டு நிரலின் இலக்கண அமைப்பை ஒப்பிடுவது அடுத்த கட்டம். எந்த நிரலையும் அதன் இலக்கணப்படி ஒரு மரமாகப் பிரிக்கலாம். சார்பு கிளை, அதற்குள் நிபந்தனை கிளை, நுனியில் மாறிகளும் எண்களும். இரு மரங்களுக்கிடையே குறைந்த செலவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியைக் காண ஜாங், ஷாஷா இருவரும் 1989இல் தந்த முறை இத்துறையின் அடித்தளம். 2007இல் சூரிச் ஆய்வாளர்கள் வெளியிட்ட சேஞ்ச்டிஸ்டில்லர், 2014இல் பிரான்ஸிலிருந்து வந்த கம்ட்ரீ ஆகியவை மர ஒப்பீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஒரு துண்டு நிரலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினால் டிஃப் ‘நீக்கம், சேர்ப்பு’ என்று இரண்டாகச் சொல்லும். இவை ‘நகர்ந்தது’ என்று சொல்லும். நடத்தையை மாற்றாமல் அமைப்பை மட்டும் திருத்தும் மறுசீரமைப்பை மார்ட்டின் ஃபவுலரின் 1999ஆம் ஆண்டு நூல் பரவலாக்கியது. ஒரு மாற்றம் அந்த வகையைச் சேர்ந்ததா என்று தானாகக் கண்டுபிடிக்கவும் இன்று ரீஃபாக்டரிங்மைனர் போன்ற கருவிகள் உண்டு.

இவற்றின் பயன் பெரிது. கவ்ரிகோவ், ரோபியார் ஆகிய இருவரும் 2011இல் ஏழு ஜாவா திட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தார்கள். சில திட்டங்களில் சார்புகளில் நடந்த மாற்றங்களில் 15.5 சதவீதம் வரை சாரமற்றவை: பெயர் மாற்றத்தின் எதிரொலி, தேவையற்ற ஒரு சொல்லை எடுத்தது போன்றவை. ஹெர்சிக், ஸெல்லர் இருவரும் 2013இல் காட்டியது இன்னொரு கோணம். பிழைதிருத்தம் என்று பதிவான மாற்றங்களில் 15 சதவீதம் வரை, தொடர்பற்ற பல வேலைகளை ஒரே முடிச்சாகக் கட்டியவை. நிரலாளர் ஒரு பிழையைத் திருத்தும்போது பக்கத்திலிருந்த இரண்டு பெயர்களையும் மாற்றி, கொஞ்சம் சுத்தமும் செய்து, மூன்றையும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில், தள்ளிவிடுகிறார். பத்து ஆண்டுகள் கழித்து வருபவருக்கு அதில் எந்த வரி பிழையைத் திருத்தியது என்று தெரியாது.

ஆயினும் ‘சாரமற்றது’ என்ற முத்திரையை எச்சரிக்கையோடு குத்த வேண்டும். இதற்கு ஆண்ட்ரியாஸ் ஸெல்லர் 1999இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு சாட்சி. பிழைதேடும் கருவியான ஜிடிபி 4.16 பதிப்பிலிருந்து 4.17க்கு மாறியபோது, அதற்கு முகப்பாக இயங்கிய டிடிடி என்ற நிரல் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு பதிப்புகளுக்கும் இடையே மாறியிருந்தவை 178,000 வரிகள். மாற்றங்களைக் கூறுபோட்டு ஒவ்வொரு பகுதியையும் சோதிக்கும் தன் முறையை அவர் ஓடவிட்டார். குற்றவாளி ஒரே வரி. மனிதர் வாசிக்கவென எழுதிய ஒரு விளக்க வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை டிடிடி எழுத்தெழுத்தாகப் படித்துப் பொருள்கொண்டிருந்தது. மரத்தை ஒப்பிடும் எந்தக் கருவியும் இதை அற்பமென்றே தள்ளியிருக்கும்.

நடத்தையைக் கேட்பது

அப்படியானால் எழுத்தையும் அமைப்பையும் விட்டு, நிரல் என்ன செய்கிறது என்பதையே ஒப்பிட்டால் என்ன? சூசன் ஹார்விட்ஸ் 1990இலேயே எழுத்து வேறுபாட்டையும் பொருள் வேறுபாட்டையும் பிரித்தறியும் முறையொன்றை முன்வைத்தார். 1994இல் டேனியல் ஜாக்சனும் லாடும் பொருள்சார் ஒப்பீட்டுக் கருவி செய்தார்கள். ஆனால் வழியில் ஒரு கணிதச் சுவர் நிற்கிறது. நிரல்களின் நடத்தை பற்றிய முக்கியமான எந்தக் கேள்விக்கும் எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் பொதுவான கணக்குமுறை இருக்க முடியாது என்று ஹென்றி ரைஸ் 1953இல் நிறுவினார். இரண்டு நிரல்கள் எப்போதும் ஒன்றையே செய்யுமா என்ற கேள்வியும் அதில் அடங்கும். வரையறுத்த நிரல்களில், வரையறுத்த கேள்விகளுக்குத்தான் கருவிகள் விடை தரும்.

ஆகவே நடைமுறை சோதனைகளை நம்புகிறது. கிட்டின் பைசெக்ட் கட்டளை இதில் எளிமையான பேருதவி. நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. நடுவில் ஆயிரம் மாற்றங்கள். சரிபாதியில் போய்ச் சோதித்து, பிழையுள்ள பாதியை மீண்டும் பாதியாக்கினால் பத்துச் சோதனையில் பிழை நுழைந்த மாற்றம் அகப்படும். பத்து இலட்சம் மாற்றங்களாக இருந்தாலும் இருபது சோதனை போதும். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பதிப்பையும் மீண்டும் கட்டி ஓடவைக்க முடிய வேண்டும். இருபது ஆண்டுப் பழைய பதிப்பைக் கட்டப் பழைய தொகுப்பியும் பழைய நூலகங்களும் வேண்டும். பெரும்பாலும் அவை கிடைப்பதில்லை. வரலாறு கையிலிருந்தும் அதை ஓட்டிப்பார்க்க முடியாத நிலை இது. கட்டுவது பற்றிய இன்னொரு கவலையில், லினக்ஸ் வழங்கலான டெபியன் திட்டத்தினர் 2013 முதல், ஒரே மூலத்தை இருமுறை கட்டினால் கடைசி பிட் வரை ஒரே கோப்பு கிடைக்க வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். புத்தகோசரின் மூன்று படிகளுக்கு வைத்த அதே சோதனை.

கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் ஒரு கூற்று நிரலாளரிடையே விதியாக வழங்குகிறது: போதிய பயனர் சேர்ந்துவிட்டால், நிரலின் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு நடத்தையையும், நீங்கள் உறுதியளிக்காததையும்கூட, யாரோ ஒருவர் நம்பியிருப்பார். ஜிடிபி கதையின் சாரம் இதுதான். இதை ஏற்றுக்கொண்டால், மாற்றம் பொருளுள்ளதா என்பதை நிரலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

ஒரு புள்ளி, ஒரு குறி

அளவுக்கும் கனத்துக்கும் சம்பந்தமில்லை என்பது ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் அறிந்த உண்மை. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. யாழ்ப்பாணத்து சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒரு நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்ததும் பாடபேதங்களைக் குறித்துவைத்ததும் இதனால்தான். ஒரு புள்ளியில் ஒரு பாட்டின் பொருள் புரண்டுவிடும்.

2003 நவம்பரில் லினக்ஸ் கருநிரலின் ஒரு படியில் யாரோ இரண்டு வரிகளை நுழைத்தார்கள். பார்வைக்கு அது ஒரு சாதாரணச் சோதனை. ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி வர வேண்டிய இடத்தில் ஒரே சமக்குறி இருந்தது. அதனால் ஒப்பீட்டுக்குப் பதிலாக, அழைத்தவருக்கு முழு அதிகாரத்தையும் அது கொடுத்துவிடும். அது பிடிபட்ட விதம் கவனிக்கத்தக்கது. நிரலைப் படித்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. முதன்மைக் களஞ்சியத்தையும் அதன் படியையும் ஒப்பிட்டபோது, படியில் இருந்த இந்த மாற்றத்துக்கு முதன்மையில் பதிவே இல்லை. வரலாறுகளின் ஒப்பீடு காப்பாற்றியது.

2024இன் எக்ஸ்இசட் விவகாரம் இதைவிடக் கொடியது. கோப்புகளைச் சுருக்கும் சிறு நூலகம் அது. உலகெங்கும் சேவையகங்களில் இருக்கிறது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் பயனுள்ள திருத்தங்களைத் தந்து, பராமரிப்பாளராகவும் ஆகி, பின்னர் இரகசியக் கதவொன்றை நுழைத்தார். அதன் உடல் சோதனைக்கான சிதைந்த கோப்பு என்ற வேடத்தில் களஞ்சியத்துக்குள் இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தன. இன்னொரு மாற்றத்தில், கட்டுமானக் கோப்பில் தனியாக ஒரு புள்ளியை வைத்துப் பாதுகாப்பு வசதியொன்றை ஓசையின்றி அணைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர் தொலைநுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு காரணம் தேடப்போய், 2024 மார்ச் 29 அன்று இதை உலகுக்கு அறிவித்தார். எழுத்தைப் பார்த்த கண்கள் தவறவிட்டதை நடத்தையைப் பார்த்த கண் பிடித்தது.

ஹார்ட்பிளீட் பிழை வேறு வகை. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் களஞ்சியத்தில் 2011 டிசம்பர் 31 அன்று சேர்ந்த அந்த மாற்றத்தின் பிழை 2014 ஏப்ரலில்தான் பகிரங்கமாகத் தெரியவந்தது. அங்கே தவறாக எழுதியது எதுவும் இல்லை; எழுத வேண்டிய ஓர் அளவுச் சோதனை எழுதப்படவில்லை. மாற்றத்தைத் தேடும் கருவிகள் உள்ளதைத்தான் ஒப்பிடும். இல்லாததை எதனோடு ஒப்பிடுவது?

நெடுங்காலம் என்பது வேறு கேள்வி

இதுவரை சொன்னவை பெரும்பாலும் இரண்டு பதிப்புகளுக்கு இடையிலான ஒப்பீடு. நீண்ட வரலாற்றை ஒரே பார்வையில் வாசிக்க முயன்றவர்களில் முன்னோடி இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேயர் லேமன். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளத்தின் வெளியீடுகளை லாஸ்லோ பெலாடியோடு ஆராய்ந்து, 1970களில் மென்பொருள் படிமலர்ச்சி விதிகளை வகுத்தார். உலகோடு உறவாடும் நிரல் ஓயாமல் மாற வேண்டும், இல்லாவிட்டால் பயனிழக்கும். மாற மாற அதன் சிக்கல் கூடும், குறைக்க யாரும் உழைக்காவிட்டால். இந்த இரண்டும் அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் நின்றிருக்கின்றன. கிட் போன்ற களஞ்சியங்கள் பெருகியபின் வரலாற்றைத் தோண்டும் ஆய்வு தனித்துறையானது. ஒன்றாகவே மாறும் கோப்புகள் மறைமுக உறவுடையவை என்று ஹரால்ட் கால் குழுவினர் 1998இல் காட்டினார்கள். 2005இல் ஸ்லிவெர்ஸ்கி, சிம்மர்மன், ஸெல்லர் மூவரும் பிழை திருத்திய வரியிலிருந்து பின்னோக்கிப் போய் அந்தப் பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடும் முறையைத் தந்தார்கள். வரியை நீக்காமல் சேர்த்து மட்டும் திருத்திய இடங்களில் அது இன்றும் தடுமாறுகிறது.

இந்த முறைகள் அனைத்துக்கும் அறுபடாத வரலாறு வேண்டும். சகனவின் கதை அங்கேதான் பாடமாகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சில நாட்களிலேயே இலங்கை நிரலாளர்கள் தன்னார்வமாகக் கூடி எழுதத் தொடங்கிய பேரிடர் மேலாண்மை மென்பொருள் அது: காணாமற்போனோர் பதிவு, முகாம்கள், உதவிப்பொருட்கள். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசன் அதைத் திறந்த மூலமாக வளர்த்தது. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ், யோக்யகர்த்தா பேரிடர்களுக்கும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகனவுக்கு வழங்கியது. பிறகு பிஎச்பி மொழியில் இருந்த நிரலின் ஒரு கிளை பைதன் மொழியில் சகன ஈடன் என்று புதிதாக எழுதப்பட்டது. 2010 ஹெயிட்டி பூகம்பத்தில் இயங்கியது அதுதான்.

பிஎச்பிக்கும் பைதனுக்கும் இடையே எந்த டிஃப்பும் எந்த மர ஒப்பீடும் பாலம் போடாது. ஒரு மொழியில் இருந்த நிரலின் கடைசி வரியும் மற்ற மொழியில் எழுதியதன் முதல் வரியும் இயந்திரத்தின் கண்ணில் அந்நியர். ஆனால் முகாமில் ஒரு குடும்பத்தை எப்படிப் பதிவது, ஒரே பெயருடைய இருவரை எப்படிப் பிரித்தறிவது, பிள்ளையின் விவரத்தை யாருக்குக் காட்டக்கூடாது என்ற முடிவுகள், ஆழிப்பேரலைக் கரையில் பட்டறிந்து எடுத்தவை, மொழி தாண்டி வந்தனவா இல்லையா என்பதுதான் அங்கே பொருளுள்ள கேள்வி. அதற்கு விடை நிரலில் கிடைக்காது. காரணங்களை எழுதிவைத்திருந்தால் அந்தக் குறிப்புகளில் கிடைக்கும்.

ஒரே இடத்தில் வைத்த வரலாறு ஒரே அடியில் போகும் என்பதும் மாத்தளை அறிந்ததே. 1848 கிளர்ச்சியை ஒடுக்கியபோது அலுவிகாரையின் நூற்சேகரம் அழிந்தது. நூல் பிழைத்தது, வேறு விகாரைகளிலும் வேறு நாடுகளிலும் படிகள் இருந்ததால். நிரல்களுக்கு அத்தகைய காப்பகம் ஒன்றை 2016இல் பிரான்ஸின் இன்ரியா நிறுவனம் சொஃப்ட்வெயார் ஹெரிடேஜ் என்ற பெயரில் தொடங்கி, யுனெஸ்கோவின் ஆதரவோடு நடத்துகிறது. பொதுவில் கிடைக்கும் நிரல்களை வரலாற்றோடு சேமித்து, ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே அடையாள எண் தருகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் மாறும்.

மொழி மாதிரிகள் அண்மையில் இத்துறைக்குள் வந்திருக்கின்றன. ஒரு மாற்றத்தைக் கொடுத்தால் அது என்ன செய்கிறது என்று நல்ல வாக்கியத்தில் சுருக்கிச் சொல்கின்றன. படிக்கும் சுமையை அவை குறைப்பது உண்மை. ஆனால் ஏன் மாற்றினார் என்று கேட்டால், எழுதிவைக்காத காரணத்தை அவை ஊகித்தே சொல்லும், அதுவும் நம்பும்படியாக. 1996இல் அந்த ஒரு வரி கூடியதற்குக் காரணம் வரட்சி என்பது அந்த வரியில் இல்லை.

நம் நாட்டில் அரச அலுவலகங்களின் மென்பொருள்கள் தனியார் ஒப்பந்தங்களில் எழுதப்பட்டு, ஒப்பந்தம் மாறும்போது கைமாறுகின்றன. கைமாறும்போது வாங்க வேண்டியது இன்றைய நிரலை மட்டுமல்ல; அதன் முழு மாற்ற வரலாறும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணமான சுற்றறிக்கையின் எண்ணும் திகதியும், சோதனைகளும், பழைய பதிப்பைக் கட்டத் தேவையானவையும் சேர்த்தே ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மேற்பார்வை செய்வோர், பெயர் மாற்றத்தையும் பிழை திருத்தத்தையும் ஒரே கமிட்டில் முடிந்து அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள். மாத்தளையிலும் மற்ற ஊர்களிலும் கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவரின் செயற்றிட்டத்துக்குப் புள்ளி இடும்போது கடைசி நிரலை மட்டும் பார்க்காதீர்கள், கமிட் வரலாற்றையும் திறந்து, ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் ஏன் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், அதற்கும் புள்ளி கொடுங்கள்.